முகமா, நிழலா, மரண அறிவித்தலா, குண்டுமணியா: ஒரு கொழும்புக் குற்றப் படத்துக்கு எந்தப் போஸ்டர்?

செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் கணக்குப்பிள்ளை, ஓர் இரவு கடை மாடிப்படியில் இறந்து கிடக்கிறார். பெட்டகத்தில் எட்டுப் பவுண் குறைகிறது. தவறி விழுந்தாரா, தள்ளிவிட்டார்களா என்பதில் கதை தொடங்குகிறது. வெள்ளவத்தையைச் சேர்ந்த தம்பிமார் சிலர் சொந்தக் காசைப் போட்டு எடுத்து முடித்திருக்கும் ஒன்றரை மணி நேரப் படம் இது. இப்போதைக்கு வைத்திருக்கும் பெயர் 'எட்டுப் பவுண்'. போஸ்டருக்கு நான்கு வரைவுகள் போட்டுவிட்டு, எதை அச்சுக்குக் கொடுப்பது என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கம் வடிவமைப்பது என் தொழில். அதனால் வரைவுகள் என்னிடம் வந்து சேர்ந்தன. இதே குழப்பத்தில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, எதை ஏன் தள்ளினேன், எதை ஏன் எடுத்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

காதல் படத்துப் போஸ்டர் தன்னிடம் இருப்பதையெல்லாம் காட்டிவிடலாம். இவர் பையன், இவர் பெண், நடுவில் மழை. குற்றப் படத்துப் போஸ்டருக்கு அந்த வசதி கிடையாது. ஏதோ ஒன்றை மறைத்தே ஆக வேண்டும். மறைத்திருக்கிறோம் என்பதைப் பார்ப்பவருக்குத் தெரியவும் வைக்க வேண்டும். ஆகவே ஒரு வரைவு கையில் கிடைத்ததும், அது எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். யார் செய்தது என்று கேட்கிறதா? செத்தவர் யார் என்று கேட்கிறதா? இந்த இடத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறதா? 'எட்டுப் பவுண்' கதையில் கொலைகாரர் யார் என்பது பாதிப் படத்திலேயே ஏறத்தாழத் தெரிந்துவிடும். பிற்பாதி முழுக்க, தெரிந்த பிறகும் அந்தக் குடும்பம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைப் பற்றியது. 'யார்' என்று கேட்கும் போஸ்டரைப் பார்த்து உள்ளே வருகிறவர், இடைவேளையிலேயே பதில் கிடைத்துவிட்டதே என்று நெளிவார்.

அடுத்தது, போஸ்டரை எங்கே பார்க்கப்போகிறார்கள் என்பது. காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸின் ஜன்னலோரம் இருப்பவருக்கு ஒரு சுவர் கண்ணில் படுவது இரண்டு மூன்று விநாடிதான். வெள்ளவத்தை சவோய் தியேட்டரின் முன்னால் நிற்பவருக்கு நிமிடக்கணக்கில் நேரம் உண்டு. ஆனால் பெரும்பாலானோர் பார்க்கப்போவது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், அதுவும் வெயிலில் நின்றுகொண்டு. நான் செய்யும் சோதனை எளிது: வரைவை ஃபோனில் இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கி, கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். அப்போது என்ன மிஞ்சுகிறதோ அதைத்தான் ஊர் பார்க்கும்.

இந்தச் சோதனையில் முதலில் விழுந்தது நிழல் வரைவு. கடை மாடிப்படி, சுவரில் ஆளைவிடப் பெரிதாக எழும்பும் ஒரு நிழல், ஓரத்தில் சுருளும் சிகரெட் புகை, முழுப் பக்கமும் கருநீலம். சுருக்கியபோது கரி பூசிய ஒரு சதுரம்தான் மிஞ்சியது.

நிழலுக்குப் பெரிய பரம்பரை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. 1931இல் ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படத்தில், கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பவருக்குப் பரிசு என்று அறிவிக்கும் ஒரு போஸ்டர்மீது ஒரு சிறுமி பந்தை எறிந்து எறிந்து விளையாடுவாள். அந்தப் போஸ்டரின்மேல் தொப்பி வைத்த ஒரு நிழல் வந்து விழும். ஆள் யாரென்று காட்டாமலே அச்சம் வந்துவிடுகிறது. பின்னர் 1940களின் ஹொலிவூட் குற்றப் படங்கள் இதையே ஒரு மொழியாக்கின: ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், ஜன்னல் பலகைகளின் கோடுகள் முகத்தில், தொப்பி, புகை. இவற்றில் எது கொழும்புக்குப் பொருந்தும்? தொப்பி வைத்தவரை நம் ஊரில் மழைக்காலத்து சைக்கிளில்கூடக் காண்பது அரிது. புகையின் கதை இன்னும் சிக்கல். 1974இல் வந்த 'சைனாடவுன்' போஸ்டரில் துப்பறிபவரின் சிகரெட் புகையே மேலெழுந்து ஒரு பெண்ணின் முகமாக மாறும், அருமையான வேலை. இங்கே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுசார விளம்பரங்களைத் தடைசெய்திருக்கிறது. தொலைக்காட்சியில் சிகரெட்டை மங்கலாக்கிக் காட்டும் நாடு இது. படத்துக்கு விளம்பரம் செய்யப்போய், சிகரெட்டுக்குச் செய்தோமா என்ற பேச்சுக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

அச்சகத்திலும் நிழலுக்கு வரவேற்பு இராது. பெரிய கறுப்புப் பரப்பைக் கறுப்பு மை ஒன்றை மட்டும் வைத்து அடித்தால் வெளிறிப்போய்ச் சாம்பலாக நிற்கும். அடர்த்தி வர அடியில் நீலமும் மற்ற மைகளும் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்தால், நம் ஈரக்காற்றில் தாள் காயத் தாமதமாகி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதும் பின்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும்.

நிழலைக் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்த விரும்புகிறவர்கள் போஸ்டர் வடிவமைப்பாளர் சோல் பாஸ் 1959இல் 'அனாட்டமி ஒஃப் எ மர்டர்' படத்துக்குச் செய்ததைப் பார்க்கலாம். தாளில் வெட்டி எடுத்ததுபோல ஓர் ஆளின் கறுப்பு உருவம். ஆனால் தலை, கை, கால், உடல் எல்லாம் தனித்தனித் துண்டு. ஒரு மரணத்தை நீதிமன்றத்தில் பிரித்துப் பிரித்துப் பார்க்கும் கதை என்பது ஒரே பார்வையில் புரிகிறது. அங்கே பின்னணி பளிச்சென்ற செம்மஞ்சள். பஸ்ஸிலிருந்தும் தெரியும், ஃபோனிலும் தெரியும். தம்பிமாரின் வரைவில் இருந்தது இருட்டு மட்டும்தான்.

சரி, முகம். இந்த வரைவில் மூன்று முகங்கள்: கணக்குப்பிள்ளையின் மனைவி, மைத்துனர், கடை முதலாளி. மூவருக்கும் பாதி முகம் வெளிச்சம், பாதி இருள். இயக்குநர் தம்பிக்கு இதில்தான் மனம். "அண்ணை, முகம் இல்லாட்டி எங்கட சனம் இதைப் படம் எண்டே நம்பாது" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மனிதக் கண் எந்தப் பக்கத்திலும் முதலில் முகத்தைத்தான் தேடும். மனைவியாக நடித்திருப்பவரை மேடை நாடகங்களில் பார்த்தவர்கள் கொழும்பில் நிறையப் பேர். நடிகர்களின் சொந்தபந்தம் முழுக்கப் போஸ்டரைப் பகிர்வதும் முகம் இருந்தால்தான்.

ஆனால் அந்த முகங்கள் எதன் பக்கத்தில் ஒட்டப்படும் என்பதையும் யோசிக்க வேண்டும். அதே சுவரில், அதே தியேட்டர் வாசலில், சென்னையிலிருந்து வரும் நட்சத்திரத்தின் முகம் நாலு மடங்கு பெரிதாக இருக்கும். தாடி, காயம், கன்னத்தில் ரத்தம், கையில் ஆயுதம் என்று எல்லா ஆடம்பரத்தோடும். அதே மொழியில் போட்டிக்கு நின்றால் நம்முடையது சின்னப் படம் என்பது மட்டும்தான் தெரியும். இன்னொன்று, தமிழ்ப் போஸ்டர் பார்த்துப் பழகியவர்களுக்கு முக வரிசையைப் படிக்கத் தெரியும். பின்னால் சற்றே மங்கலாக, உதட்டோரம் ஒரு சிரிப்போடு யாரை வைத்திருக்கிறோமோ அவர்தான் ஆள் என்று டிக்கெட் எடுக்க முன்பே சொல்லிவிடுவார்கள்.

முகம் வரிசையாக நின்றால் பார்ப்பவர் கேட்பது 'யார்' என்றுதான். 1995இல் 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' போஸ்டரில் ஐந்து பேர், உயரம் அளக்கும் கோடுகளுக்கு முன்னால், பொலிஸ் அடையாள அணிவகுப்பில் நிற்பதுபோல நிற்பார்கள். அந்தப் படத்தின் உயிரே அந்தக் கேள்விதான், அதனால் பொருந்தியது. நம் படத்தின் கேள்வி வேறு. முகத்தை வைத்துக்கொண்டே வேறு கேள்வி கேட்க முடியாதா என்றால், முடியும். 1991இல் வந்த 'தி சைலன்ஸ் ஒஃப் த லேம்ப்ஸ்' போஸ்டரில் ஒரே ஒரு பெண்ணின் வெளிறிய முகம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அந்துப்பூச்சி. பூச்சியின் முதுகில் தெரியும் மண்டையோட்டை உற்றுப் பார்த்தால், அது உடையில்லாத ஏழு பெண்களின் உடல்களால் ஆனது. சல்வடோர் டாலியும் புகைப்படக்காரர் ஃபிலிப் ஹால்ஸ்மனும் 1951இல் செய்த படத்திலிருந்து வந்த உருவம் அது. தூரத்திலிருந்து பார்த்தால் வாயடைத்த ஒரு பெண். கிட்டப் போனால் கொலைகளின் கதை. மனைவியின் முகத்தை மட்டும் வைத்து இப்படி ஏதாவது செய்திருந்தால் நான் முகத்தின் பக்கம் சாய்ந்திருப்பேன். அதற்கான புகைப்படம் படப்பிடிப்பில் எடுக்கப்படவில்லை. இப்போது திரும்ப விளக்குக் கட்டி எடுக்கக் கையில் காசும் இல்லை.

மூன்றாவது வரைவைப் பார்த்தபோது உண்மையிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு மரண அறிவித்தல். வெள்ளைத் தாள், சுற்றிவரக் கறுப்புக் கட்டம், மேலே முட்டை வடிவச் சட்டத்துக்குள் கணக்குப்பிள்ளையின் படம். கீழே நாம் எல்லோரும் மனப்பாடமாக அறிந்த அந்த வாசகம்: யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் கொழும்பு கொட்டாஞ்சேனையை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், இன்னாரின் அன்பு மைத்துனரும் ஆவார். ஒவ்வொரு உறவுக்கும் பக்கத்தில் அந்தப் பாத்திரத்தில் நடித்தவரின் உண்மைப் பெயர். நடிகர் பட்டியல் முழுக்க உறவு வரிசையாகவே வந்துவிடுகிறது. கடைசியில் வலது மூலையில், 'தகவல்: மைத்துனர்'. படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், செத்த வீட்டில் ஓடியாடி எல்லா அலுவலும் பார்ப்பவர் அவர்தான். குற்றவாளியையும் குடும்பத்தின் மௌனத்தையும் ஒரே தாளில், எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி மறைத்து வைத்திருக்கிறார்கள்.

இதன் பலம் பழக்கத்தில் இருக்கிறது. பத்திரிகையில் முதலில் அந்தப் பக்கத்தைத் திருப்புகிறவர்கள் நம் வீடுகளில் இன்னும் உண்டு. இலங்கை வானொலியில் மரண அறிவித்தல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை காதிலேயே தங்கிவிட்டது; 'அன்னாரின்' என்று தொடங்கினாலே கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். பழகிய, தீங்கில்லாத ஒரு வடிவத்துக்குள் கொலையை வைப்பது உலகத்தில் நல்ல குற்றப் போஸ்டர்கள் செய்து பார்த்த வேலை. 1996இல் 'ஃபார்கோ' படத்துக்கு அம்மம்மா காலத்துத் துணித் தையல்போல ஒரு போஸ்டர் செய்தார்கள்: நூல் தையலில் பனி, கவிழ்ந்த கார், குப்புறக் கிடக்கும் ஓர் உடல். வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டலாம்போல இருக்கும், கிட்டப் போய்ப் பார்க்கும்வரை. மரண அறிவித்தல் வரைவும் அந்த வகைதான்.

இவ்வளவு பிடித்திருந்தும் இதைச் சுவருக்கு வேண்டாம் என்றேன். காரணங்களில் இரண்டு சாதாரணமானவை. பஸ்ஸில் போகிறவரால் படித்து முடிக்க முடியாது. தமிழ் படிக்காதவருக்கு அது எழுத்து நிறைந்த வெள்ளைத் தாள், அவ்வளவுதான். சிங்கள அயலவர்களுக்குச் சாவு என்றால் வீதியில் கட்டும் வெள்ளைக் கொடியும் துணிப் பதாகையும்தான் நினைவுக்கு வரும். இந்த உறவு வரிசை அவர்களோடு பேசாது.

மற்ற இரண்டும் கொஞ்சம் கனமானவை. கொட்டாஞ்சேனையில் ஒரு மின்கம்பத்தில் இப்படி ஒரு தாளைக் கண்டால் சனம் நிற்கும், தெரிந்தவரோ என்று படத்தை உற்றுப் பார்க்கும். ஒரு கணம் நெஞ்சு திடுக்கிட்டு, பிறகு இது சினிமா விளம்பரம் என்று தெரிந்தால் வருவது பாராட்டு அல்ல, வசைதான். அதே ஒழுங்கையில் அன்றைக்கு உண்மையான செத்த வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். நடிகரின் தாயார் உயிரோடு இருக்கிறார். பிள்ளையின் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் பார்க்க எந்தத் தாய் சம்மதிப்பார்?

அடுத்தது அந்தப் புகைப்படம். பாஸ்போர்ட் அளவில், நேரே பார்க்கும் ஓர் ஆணின் படம், தனியாக ஒரு தாளில். இந்த நாட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு பொருள் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வருடக்கணக்காக வீதியோரங்களில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருக்கும் படங்கள் அப்படித்தான் இருக்கும். எட்டுப் பவுண் திருட்டுக் கதை அந்தக் கனத்தைக் கடன் வாங்கக்கூடாது. இதே காரணத்தால்தான், ஒரு பொருளை மட்டும் காட்டும் நான்காவது வரைவுக்கு யோசனை சொன்ன ஒரு தம்பி, ஆள் கடத்தலோடு சேர்த்தே நினைக்கப்படும் வெள்ளை வேன் ஒன்றைப் போடலாமா என்று கேட்டபோதும் உடனே மறுத்தேன். போட்டால் எல்லோரும் நின்று பார்ப்பார்கள், சந்தேகமில்லை. பிறகு படத்தில் அந்த வேன் எங்கே என்று கேட்பார்கள்.

ஆகக் கடைசியாகப் பொருள். குற்றப் படத்துக்குப் பொருள் என்றதும் கத்தி, துப்பாக்கி, கைவிலங்கு, சிந்திய ரத்தம் என்று கை தானாகப் போகும். பாதாள உலகக் குழுச் செய்திகள் தினமும் ஃபோனில் வரும் ஊரில் துப்பாக்கிப் படம் யாரையும் நிறுத்தாது. தம்பிமாரின் நான்காவது வரைவில் அவை எதுவும் இல்லை. தட்டாரின் சின்னத் தராசு ஒன்று. ஒரு தட்டில் ஒரு குண்டுமணி. மற்றத் தட்டு வெறுமை. ஆனால் கீழே இறங்கியிருப்பது வெறுமையான தட்டு. குண்டுமணித் தட்டு மேலே நிற்கிறது.

முதல் பார்வையில் தராசு, நகைக்கடை என்று புரிந்துவிடும். இரண்டாவது பார்வையில், ஏதோ சரியில்லையே என்று தோன்றும். இல்லாத ஒன்று இருப்பதைவிடக் கனமாக இருக்கிறது. காணாமல் போன பவுண் என்று எடுத்துக்கொள்ளலாம், போய்விட்ட கணக்குப்பிள்ளை என்று எடுத்துக்கொள்ளலாம், வீட்டில் யாரும் பேசாத பேச்சு என்றும் எடுத்துக்கொள்ளலாம். படத்தின் உண்மையான கேள்விக்குக் கிட்டப் போவது இந்த வரைவு ஒன்றுதான். இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கியபோதும் சாய்ந்த கோடும் ஒரு சிவப்புப் புள்ளியும் தெளிவாக நின்றன.

குண்டுமணியைத் தேர்ந்ததற்காக அந்தத் தம்பிக்குத் தனியாக ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுக்கலாம். தட்டார்கள் பொன் நிறுக்க ஒரு காலத்தில் வைத்திருந்த எடைக்கல் அதுதான். ஒரு மணி சுமார் 0.12 கிராம், ஒரு பவுண் 8 கிராம். குண்டுமணிப் பொன்கூட இல்லை என்று இன்றைக்கும் வீட்டில் பேசுகிறோம். பளபளக்கும் சிவப்பு, ஒரு முனையில் கறுப்பு. தூரத்தில் ரத்தத் துளிபோல, கிட்டத்தில் நம்மைப் பார்க்கும் கண்போல. வள்ளுவர் கூடாவொழுக்கம் அதிகாரத்தில், 277ஆம் குறளில், வெளியே குன்றிமணிபோலச் செம்மையாகவும் உள்ளே அதன் மூக்குப்போலக் கறுத்தும் இருப்பவர்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். செத்த வீட்டில் முன்னுக்கு நின்று அலுவல் பார்த்த மைத்துனருக்கு இதைவிடப் பொருத்தமான உருவம் கிடைக்காது. குறளைப் போஸ்டரில் போடலாமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம். தெரிந்தவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். குண்டுமணியின் பருப்பு கடும் நஞ்சு, அதில் அப்ரின் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். ஆகவே விஷம் வைத்துக் கொன்ற கதை என்று சிலர் நினைத்துக்கொண்டு வருவார்கள். நம் கதையில் விஷமே இல்லை. குண்டுமணி வருவது முதலாளியின் தாத்தா வைத்திருந்த பழைய நிறைப்பெட்டிக்குள். எனவே மணி தராசை விட்டு வெளியே வரக்கூடாது. கிண்ணத்தில், தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில், உள்ளங்கையில் என்று வேறு வடிவங்கள் ஸ்டேட்டஸுக்காகச் செய்யும்போது இதை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டாவது, சிங்கள ரசிகர்களுக்கு இதே விதை புத்தாண்டுக் காலத்தில் பலகையில் வைத்து ஆடும் ஒலிந்த விளையாட்டின் காய். அவர்கள் கண்ணுக்கு அது கொண்டாட்டம். அதனால் கெடுதல் இல்லை, நன்மைதான் என்று நினைக்கிறேன். இனிப்பான நினைவு ஒன்று தவறாகச் சாய்ந்த தராசில் கிடந்தால், அவர்களுக்கும் உறுத்தத்தானே செய்யும். கத்தியை வைத்திருந்தால் இப்படி இரண்டு பக்கமும் வேறு வேறு வாசலால் உள்ளே வர முடிந்திராது.

எழுத்துக்கு வருவோம். 'எட்டுப் பவுண்' என்று எழுதினால் மூன்று இடத்தில் மேலே புள்ளி வருகிறது: ட், ப், ண். மூன்றையும் குண்டுமணியாக மாற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். குற்றப் படத் தலைப்புகளில் புள்ளியைத் தோட்டா ஓட்டையாக்குவதும், ஆய்த எழுத்தை மூன்று குண்டுக் காயமாக்குவதும் அடித்துத் துவைத்த வழக்கம். கடைசி ண்-இன் புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் கறுப்பாக விடச் சொன்னேன். தட்டில் ஒரு மணி, தலைப்பில் ஒரு மணி. அவ்வளவு போதும், கண் தானாகக் கோடு போட்டுக்கொள்ளும். எழுத்தும் உருவமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்கு 'தி காட்ஃபாதர்' நல்ல சாட்சி. 1969இல் நாவலின் அட்டைக்காக எஸ். நீல் ஃபுஜிட்டா வரைந்த, பொம்மலாட்டக் கயிறு பிடித்த கையும் எழுத்துகளும் 1972இல் படத்துக்கும் அப்படியே போயின. இன்றைக்கு அந்தக் கையை மட்டும் காட்டினாலும் பெயர் வாயில் வந்துவிடும்.

சிங்கள எழுத்தில் நம் புள்ளி வித்தை நடக்காது. அங்கே மெய்யைக் காட்டும் குறி வேறு வடிவம். கீறல் விழுந்த, கூரான எழுத்துருவைத் தமிழுக்குப் போட்டு, சிங்களத்தையும் அதே மாதிரிக் கீறினால் அந்த உருண்டை எழுத்துகள் சிதைந்துபோகும். ஆகவே இரண்டு மொழிக்கும் கீறல் இல்லாத, ஒரே தடிப்புள்ள எழுத்து. கணக்குப் பேரேட்டில் எழுதுவதுபோல நிதானமாக இருக்கட்டும். சிங்களத் தலைப்பைக் கீழே கடுகளவு போட்டுவிட்டுப் 'போட்டாயிற்று' என்று சொல்லும் பழக்கமும் வேண்டாம். மும்மொழி ஊரில் அது யாரை அழைக்கிறோம், யாரை அழைக்கவில்லை என்பதைப் படத்தைவிடப் பலமாகச் சொல்லிவிடும்.

நிறத்தில்தான் அதிக வாக்குவாதம். நகைக்கடையில் பொன்னைச் சுற்றித் தரும் ரோஸ் நிற மெல்லிய தாள் தெரியும்தானே, அதைப் பின்னணியாக வைத்திருந்தார்கள். குற்றப் படத்துக்கு ரோஸ் நிறமா என்று குழுவிலேயே பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது. கறுப்பும் கருநீலமுமாக இருக்கும் தியேட்டர் முகப்பில் அது ஒன்றுதான் வேறு மாதிரி நிற்கும்; தாள் கசங்கிய மடிப்புக் கோடுகளோடு போட்டால் பெட்டகத்திலிருந்து இப்போதுதான் எடுத்ததுபோல இருக்கும். ஆனால் சுவருக்கு அது உதவாது. சாதாரண நாலு நிற அச்சில் வெயிலுக்கு முதலில் வெளிறுவது சிவப்புக்கும் ரோஸுக்கும் ஆதாரமான மஜெந்தாவும் மஞ்சளும்தான். நீலமும் கறுப்பும் தாக்குப்பிடிக்கும். காலி வீதியில் வெயில் படும் சுவர்களில் பழைய போஸ்டர்களைப் பார்த்தால் தெரியும், எல்லா முகமும் நீலம் பாரித்துக் கிடக்கும். சிவப்பு மணி ஒன்றையே நம்பியிருக்கும் போஸ்டரில் அந்த மணி வெளுத்துப்போனால் மிஞ்சுவது ஒரு தராசுக் கடை விளம்பரம்.

அதனால் இரண்டாகப் பிரித்தோம். தியேட்டர் உள்ளுக்கும் ஃபோனுக்கும் ரோஸ் பின்னணி. சுவருக்கு, வெளுக்காத பழுப்புத் தாளில் கறுப்பு, சிவப்பு என்று இரண்டே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்ட். ஸ்கிரீனில் மை தடிப்பாக விழும், வெயிலுக்குக் கூடுதல் நாள் நிற்கும். நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் இரண்டு நிறத்தோடு செலவும் அடங்கும். முக வரைவாக இருந்தால் இந்த வழியே கிடையாது. தோல் நிறத்துக்கு நாலு மையும் வேண்டும். தாள் பழுப்பாக இருப்பதில் இன்னொரு காரணமும் உண்டு: பளிச்சென்ற வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டால், தூரத்திலிருந்து அது மறுபடியும் மரண அறிவித்தலாகத்தான் தெரியும்.

அந்த அறிவித்தல் வரைவை முழுக்கக் குப்பையில் போட மனம் வரவில்லை. புகைப்படத்தை எடுத்துவிட்டு, மேலே படத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டு, காட்சி முடிந்து வெளியே வரும் வாசல் பக்கத்தில் மட்டும் ஒரு பிரதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். படம் பார்த்தவர்கள்தான் அதைப் படிப்பார்கள், 'தகவல்' வரி அவர்களுக்குத்தான் புரியும். சுவரில் திடுக்கிட வைக்கும் அதே தாள் அங்கே கதையின் கடைசிக் காட்சியாகிவிடும்.

இயக்குநர் தம்பிக்கு முகம் இல்லாத வருத்தம் இன்னும் தீரவில்லை. இந்தப் படம் பிறகு ஏதாவது இணையத் தளத்துக்குப் போனால் அவருடைய ஆசை நிறைவேறவும்கூடும். அங்கே பெரும்பாலும் படுக்கைவாட்டில் ஒரு சின்னப் படத்தைத்தான் கேட்பார்கள், அதில் முகம் இருந்தால்தான் விரல் நிற்கும் என்பது அந்த உலகத்தின் நம்பிக்கை. அதற்கு மனைவி படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்க்கும் காட்சியிலிருந்து ஒரு ஃபிரேமை இப்போதே எடுத்துப் பெரிய அளவில் சேமித்து வைக்கச் சொன்னேன். வாய் இறுக மூடியிருக்கும் ஃபிரேமாகப் பார்த்து எடுக்க வேண்டும். மைத்துனர் அதில் தெரியக்கூடாது.